வரைபு வரைந்த நைட்டிங்கேல் அம்மையார்



புளோரன்ஸ் நைட்டிங்கேல் யார் என்று ஓர்ஸ் ஹில்லிலுள்ள என் வகுப்பில் கேட்டால், விளக்கேந்திய சீமாட்டி என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். அவர் கணிதத்தில் வல்லவர் என்று சொல்பவர் எவருமில்லை. ஆகவே இன்று விளக்கைச் சற்று ஒதுக்கி வைப்போம்.

அவர் 1820 மே 12 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரே பெயராயிற்று. கிரைமியப் போர் நடந்த வேளை, 1854 நவம்பரில் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அவர் சென்றதும் மரணங்கள் குறைந்துவிட்டன என்று எழுதாதீர்கள். அந்தக் குளிர்காலத்தில் அவை கூடவே செய்தன. 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கிய பின்னரே விரைவாகக் குறைந்தன.

நாடு திரும்பியதும், வில்லியம் பார் என்ற புள்ளிவிபரவியலாளரின் துணையுடன் மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். 1855 ஜனவரியை மட்டும் பாருங்கள். தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தோர் 2761, காயங்களால் 83, ஏனைய காரணங்களால் 324. எதிரியின் குண்டை விட அழுக்கே அதிகம் பேரைக் கொன்றது. ஆனால் நீண்ட அட்டவணையை அதிகாரிகளிடம் நீட்டினால் எத்தனை பேர் படிப்பார்கள்?

எனவே 1858 இல் அவற்றை வரைந்து காட்டினார். 12 மாதங்களுக்கு 12 ஆரைச்சிறைகள். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கறுப்பு. பார்த்த கணமே நீலம் கண்ணை நிறைத்துவிடும். நீங்கள் வரையும் வட்ட வரைபில் ஆரை மாறாது, கோணம் மாறும். அவருடையதில் கோணம் எப்போதும் 30°, ஆரைதான் மாறும். முதலில் வரைந்த ஒன்றில் தொகைக்கு ஏற்ப ஆரையை நீட்டியிருந்தார். ஆரை இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகுமல்லவா? இதனால் மரணங்கள் உள்ளதை விடப் பெரிதாகத் தெரிந்தன. தம் வாதத்துக்கு வசதிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. அடுத்ததில் பரப்பையே தொகைக்கு விகிதசமமாக்கினார். எனக்கு இவரில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார். பின்னர் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையின் சுகாதாரக் கணக்குகளை ஆராய்ந்தார். 1863 இல் வெளியான அறிக்கையின்படி அங்கு ஆண்டுதோறும் 1000 வீரருக்கு 69 பேர் இறந்தனர். அது 18 ஆகக் குறைந்ததை 1873 இல் அவரே எழுதினார். இத்தனைக்கும் அவர் இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வந்ததில்லை. 1910 ஆகஸ்ட் 13 இல் காலமானார்.

பயிற்சி: மேலே தந்த ஜனவரித் தொகைகள் மூன்றையும் வட்ட வரைபில் குறியுங்கள். மொத்தம் 3168. நோய்க்கு ஏறத்தாழ 314°, ஏனையவற்றுக்கு 37° வரும். காயத்துக்கு மிஞ்சுவது 9° தான். பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள்.