ஹெர்மான் ஹெல்ரீகல்

ஹெர்மான் ஹெல்ரீகல் (அக்டோபர் 21, 1831 – செப்டம்பர் 24, 1895) ஒரு செருமானிய வேளாண் வேதியியலாளர் ஆவார். அவரையினத் தாவரங்கள் நுண்ணுயிரிகளின் துணையுடன் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை நிறுவியவராக இவர் அறியப்படுகிறார். எனினும் இவரை அம்முடிவுக்கு இட்டுச் சென்றவற்றுள் முதன்மையானது வாற்கோதுமை (பார்லி) பற்றிய நீண்டகால ஆய்வாகும்.

வாழ்க்கை

சாக்சனியில் பேகாவ் நகருக்கு அருகிலுள்ள மவுசிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். தாரந்த் நகரில் அடால்ஃப் ஷ்டோக்கார்ட்டிடம் வேதியியல் பயின்றார். பின்னர் பிராண்டன்பேர்க் பகுதியிலிருந்த டாமே வேளாண் ஆய்வு நிலையத்திற்குத் தலைமை ஏற்றார். 1880களில் பெர்ன்பேர்க் ஆய்வு நிலையத்தின் இயக்குநரானார், அந்நகரிலேயே காலமானார்.

நீர்த்தேவை ஆய்வு

பிராண்டன்பேர்க்கின் நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. நீரைத் தேக்கி வைக்காதது. அத்தகைய நிலத்தில் விளைச்சலைக் கட்டுப்படுத்துவது நீரா, உரமா என்பது உழவர்களின் வாழ்வைத் தொட்ட கேள்வியாகும். வயலில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். எனவே ஹெல்ரீகல், ஊட்டம் ஏதுமற்ற தூய மணலைச் சாடிகளில் நிரப்பி, தேவையான உப்புகளை அளந்து சேர்த்துப் பயிர் வளர்த்தார். சாடிகளை எடைபோட்டு, இழந்த நீரை ஈடுசெய்தார். ஒரு கிராம் உலர்பொருளை உருவாக்க வாற்கோதுமைக்கு ஏறத்தாழ 310 கிராம் நீர் தேவைப்படுகிறது என்று கணக்கிட்டார். இம்முடிவுகள் 1883ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலில் இடம்பெற்றன.

நைட்ரஜன் ஆய்வு

மணலில் சேர்த்த நைட்ரேட்டின் அளவுக்கு ஏற்ப வாற்கோதுமையின் வளர்ச்சி சீராகக் கூடியது. நைட்ரேட்டு இல்லாச் சாடியில் பயிர் ஏறக்குறைய வளரவே இல்லை. பட்டாணியோ இவ்விதிக்குக் கட்டுப்படவில்லை. நைட்ரேட்டு இல்லாத சாடிகளுள் ஒன்றில் செடி செழித்தது, மற்றொன்றில் வாடியது. இம்முரண்பாட்டை ஆய்வுப் பிழை என்று ஒதுக்காமல் அதன் காரணத்தைத் தேடியதே இவரது சிறப்பு எனலாம்.

உதவியாளர் ஹெர்மான் வில்ஃபார்த்துடன் இணைந்து மணலைச் சூடாக்கிக் கிருமி நீக்கம் செய்தபோது, பட்டாணியும் வாற்கோதுமையைப் போலவே நைட்ரஜனின்றி வாடியது. வயல்மண்ணைக் கரைத்த நீரைச் சிறிதளவு ஊற்றியதும் அதன் வேர்களில் முடிச்சுகள் தோன்றின, செடி தழைத்தது. வாற்கோதுமையில் அத்தகைய மாற்றம் நிகழவில்லை.

இம்முடிவை 1886இல் பெர்லினில் நடந்த அறிவியலாளர் மாநாட்டில் அறிவித்தார். விரிவான அறிக்கை 1888இல் வெளியானது. அதே ஆண்டில் டச்சு அறிவியலாளர் பெய்ஜரிங்க், வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையினர் 1850களில் இவ்வினாவை ஆராய்ந்தபோது, மண்ணைச் சுட்டுப் பயன்படுத்தியதால் நுண்ணுயிரிகளும் அழிந்து எதிர்மறை முடிவே கிடைத்திருந்தது.

பிற்கால ஆய்வுகள்

1910களில் அமெரிக்காவின் வறண்ட கொலராடோ பகுதியில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் ஆகியோர் நீர்த்தேவையை அளந்தபோது வாற்கோதுமைக்கு 500க்கும் மேற்பட்ட மதிப்பு கிடைத்தது. 310 என்பது பயிரின் மாறா இயல்பு அன்று, காற்றின் வறட்சியையும் பொறுத்தது என்பது இதனால் தெளிவானது. உவர்மண்ணில் நீர் இருந்தும் வேர்களால் அதை எளிதில் உறிஞ்ச இயலாது. அத்தகைய மண்ணில் வாற்கோதுமை நீரையும் நைட்ரஜனையும் பயன்படுத்தும் விதத்தை ஆராயவும் மணற்சாடி முறை கையாளப்படுகிறது.