தொட்டாற்சிணுங்கிக்கு நரம்பு உண்டா? ஜகதீஷ் சந்திர போஸின் விடாப்பிடி

பெக்கான் நானாஸ் என்றாலே அன்னாசிதான். ஆனா சாலையோரப் புல்லில் கொஞ்சம் குனிந்து பாருங்க, செமாலு இருக்கும், நம்ம தொட்டாற்சிணுங்கி. ஒரு இலையை அழுத்தித் தொட்டா, தள்ளி இருக்கும் இலைகளும் மூடிக்கும். அந்தத் தகவல் அங்கே எப்படிப் போச்சு?

இந்தக் கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1858-ல் வங்காளத்தில் பிறந்தவர். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கச் சேர்ந்தார். இந்தியர் என்பதால் ஐரோப்பியர்களைவிடக் குறைந்த சம்பளம். அவர் என்ன செய்தார் தெரியுமா? வகுப்புக்கு ஒழுங்காகப் போனார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. 3 வருஷம்! கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, பாக்கியோடு முழுச் சம்பளம் கொடுத்தது.

ரேடியோ அலை ஆய்வில் பெயர் வாங்கிய பிறகு செடிகள் பக்கம் திரும்பினார். சீண்டினால் செடிக்குள்ளும் மின்துடிப்பு எழுகிறது என்று 1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்து காட்டினார். எதிர்த்தவர் பெரிய உடலியல் அறிஞர் ஜான் பர்டன் சாண்டர்சன். வேடிக்கை என்னன்னா, பூச்சி தின்னும் செடியில் மின்துடிப்பை 1873-லேயே பதிவு செய்தவர் இவர்தான்! சாதாரணச் செடியிலும் அது உண்டு என்பதைத்தான் அவர் ஏற்கவில்லை. போஸின் கட்டுரையை சொசைட்டி அச்சிடவில்லை.

போஸ் விடவில்லை. தானே கருவிகளை வடிவமைத்து, தொட்டாற்சிணுங்கியில் துடிப்பு ஓடும் வேகத்தை அளந்தார். குளிர வைத்தால் வேகம் குறைந்தது, விலங்கு நரம்பில் நடப்பதைப் போலவே. அதனால் செடிக்கும் நரம்பு உண்டு என்றார்.

அங்கேதான் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டார். செடிக்கு நரம்பு செல் கிடையாது. ஆனா துடிப்பு உண்மை. உங்க நரம்பு செல் சும்மா இருக்கும்போது, அதன் உள்பக்க மின்னழுத்தம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. தூண்டினால் செல் சவ்வில் குட்டிக் கதவுகள் திறக்கும். சோடியம் உள்ளே பாய, மின்னழுத்தம் சட்டென்று ஏறும். பொட்டாசியம் வெளியேற, மறுபடி இறங்கும். அதுதான் சிக்னல். தொட்டாற்சிணுங்கியிலோ கால்சியம் உள்ளே வரும், குளோரைடு வெளியே போகும். துடிப்பு காம்படி முடிச்சை எட்டியதும் அங்குள்ள செல்கள் தண்ணீரை இழக்கும், இலை மடங்கும். வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். உங்க வேகமான நரம்புகளில் அது 100 மீட்டரை எட்டும்.

1920-ல் அதே ராயல் சொசைட்டி போஸை உறுப்பினராக்கியது. 1937-ல் அவர் காலமானார். அந்த சோடியம், பொட்டாசியம் கணக்கை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் முழுசாக வெளியிட்டது 1952-ல். அவர்கள் ஆராய்ந்தது சோத்தோங் நரம்பை!