தென்கோடித் தீவு தந்த பெருந்தகை

இந்தியாவின் தென்கோடி எதுவென்று கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் குமரிமுனை என்போம். பெருநிலத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆயினும் நம் நாட்டின் எல்லை அதற்கும் தெற்கே, நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் கடைசித் தீவிலுள்ள இந்திரா முனையில்தான் முடிகிறது. மாமல்லபுரத்துக் கரையில் மோதும் வங்கக் கடலே அத்தீவுகளையும் சூழ்ந்து நிற்கிறது. மதுராந்தகன் என்ற பெயரும் பூண்டிருந்த முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என வருவது இத்தீவுக் கூட்டமே. அங்கே பிறந்து, தம் மக்களுக்காகவே வாழ்ந்தவர் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன்.

1884ஆம் ஆண்டு கார் நிக்கோபார் தீவில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹா செவ் கா. மரத்தூண்கள்மேல் தேன்கூடுபோல் அமைந்த வட்ட வீடுகளும், தென்னந்தோப்புகளும், கூட்டுக்குடும்ப வாழ்வும் அம்மக்களுக்கு உரியவை. கதையும் பாட்டும் நிறைந்திருந்த அவர்தம் மொழிக்கு எழுத்து மட்டும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவுக்குச் சென்று பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர். கடல் கடந்து சென்ற அந்த ஆசிரியரிடம்தான் சிறுவன் ஹா செவ் கா எழுத்தறிந்தான். அவனது அறிவுக் கூர்மையைக் கண்ட அவர், மேற்படிப்புக்காகப் பர்மாவின் மாண்டலே நகருக்கு அவனை அனுப்பி வைத்தார். சென்ற சிறுவன் ஜான் ரிச்சர்ட்சன் என்னும் இளைஞராகத் திரும்பினார்.

திரும்பினார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. பட்டணத்தில் பிழைப்பைத் தேடிக்கொள்ளாமல், தாம் பிறந்த மண்ணிலேயே ஆசிரியரானார், பின்னர்க் குருவானவரானார். உரோமன் எழுத்துகளைக் கொண்டு தாய்மொழியை எழுதவும் படிக்கவும் தம் மக்களுக்குக் கற்பித்தார்.

இரண்டாம் உலகப் போர் அத்தீவையும் விட்டு வைக்கவில்லை. 1942இல் ஜப்பானியப் படை அங்கு இறங்கியது. விமானத் தளம் அமைக்கத் தீவு மக்கள் கட்டாய வேலை வாங்கப்பட்டனர். 1945இல் ஒற்றர் என்று ஐயுறப்பட்ட பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனின் மகனும் அக்கொடுமைக்குப் பலியானார். தந்தையோ சிறையில் சாவை எதிர்நோக்கியிருந்தார். போர் முடிந்தமையால் உயிர் பிழைத்தார்.

மகனைப் பறிகொடுத்த மனிதர் மனம் ஒடிந்து ஒதுங்கியிருந்தால் யாரே குறை கூறுவர்? அவர் ஒதுங்கவில்லை. சிதைந்து கிடந்த சமுதாயத்தை மீண்டும் கட்டியெழுப்பினார். 1950இல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1952இல் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினராகக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டார். எழுத்தில்லா மொழியில் பிறந்தவர் இந்திய நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்!

அவரது பெரும்பணி விவிலிய மொழிபெயர்ப்பு. நாம் எச்சமயத்தவராயினும் அதன் அருமையை உணரலாம். ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய நமக்கு ஒரு நூல் கூடுதலாக வருவது பெரிதன்று. பேச்சாக மட்டுமே வழங்கிய ஒரு மொழிக்கோ, அத்தனை பெரிய நூல் நிலைபேற்றையே தந்தது.

1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண் ஆகிய விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1978இல் அவர் மறைந்தார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய அதே நாளில் கார் நிக்கோபாரையும் சூறையாடியது. ஊர்களை இழந்த அம்மக்கள் மீண்டும் எழுந்து நின்றனர். அங்குள்ள மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவத் தோழர்களே! நம்முள் பலர், ஏரிப்பாசனத்தை நம்பிய சிற்றூர்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பட்டம் பெற்றபின் நகரம் நம்மை அழைக்கும், செல்வதில் தவறில்லை. ஆனால் கற்ற கல்வியில் ஒரு பங்கேனும் பிறந்த ஊருக்குத் திரும்ப வேண்டும். தமிழாசிரியர் ஒருவர் தொலைதூரத் தீவில் ஏற்றிய விளக்கை, அத்தீவின் மைந்தர் அணையாது காத்தார். நம் கையில் உள்ள விளக்கை நாம் எங்கே கொண்டு போகப் போகிறோம்?