வீர்சந்த் ராகவ்ஜி காந்தி: பஞ்ச காலத்தில் ஒரு தானம்

சம்மேத சிகர யாத்திரை சென்று வந்த நம் இல்லத்துப் பெரியோர் பலர். இருபது தீர்த்தங்கரர்கள் முக்தியடைந்த அம்மலையின் தூய்மையைக் காக்க வழக்காடி வென்ற இளைஞர் ஒருவரை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அவர் கூர்ஜர தேசத்து சுவேதாம்பர மரபினர். ஆயினும் சிகரம் இரு மரபினர்க்கும் பொதுவாதலின், அவருக்கு நாமும் கடன்பட்டவர்களே.

வீர்சந்த் ராகவ்ஜி காந்தி 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், சௌராட்டிரத்துக் கடற்கரையூராகிய மகுவாவில் பிறந்தார். மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1884இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, தம் இருபத்தோராம் வயதில், இந்திய ஜைன சங்கத்தின் செயலாளரானார். பாலிதானாவில் யாத்திரிகர் மீது விதிக்கப்பட்ட தலைவரியால் எழுந்த பூசலைப் பேசித் தீர்த்ததில் அவர் பங்கு பெரிது. பின்னர் சிகரத்தின் அருகே ஐரோப்பியர் ஒருவர் பன்றிக் கொழுப்பு உருக்கும் ஆலை அமைத்தார். அதனை அகற்றுவதற்காகக் கல்கத்தாவிலே பல மாதங்கள் தங்கிய வீர்சந்த், பழைய ஆவணங்களைத் தாமே படித்தறியும் பொருட்டு வங்க மொழி பயின்றார். வழக்கு வென்றது, ஆலை நீங்கியது.

1893இல் சிகாகோ நகரில் சர்வ சமய மகாசபை கூடியது. ஆசாரியர் விஜயானந்த சூரி என்னும் ஆத்மாராம்ஜிக்கு அழைப்பு வந்தது. துறவு நெறி கடற்பயணத்துக்கு இடந்தராமையால், அவர் வீர்சந்தைப் பயிற்றுவித்து அனுப்பினார். இருபத்தொன்பது வயதே நிரம்பிய அவர் அங்கு ஜைன தருமத்தை விளக்கியதை இம்மலரின் வாசகர் கேட்டிருக்கலாம். அதனினும் நினைவிற்கொள்ளத் தக்கது வேறொன்று. கிறித்தவப் போதகர் ஒருவர் இந்துக் கோயில்களில் பணிபுரிந்த பெண்டிரை இழித்துரைத்தபோது, அது தம் சமயத்தைத் தாக்கிய சொல் அன்றென்று வாளாவிராமல், எழுந்து மறுத்துரைத்தவர் இந்த ஜைனரே.

அவ்வவையில் உண்டான நட்புகள் மூன்றாண்டுகளுக்குப் பின்னர் பயன் தந்தன. 1896, 1897ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து இந்தியாவில் கொடும்பஞ்சம் பரவிற்று. பந்தேல்கண்டம், மத்திய மாகாணம், பீகார், தக்காணம் எங்கும் பசி. தானியம் ஓரிடத்தில் இருப்பினும் விலையேற்றத்தால் ஏழைக்கு எட்டாத காலம் அது. வீர்சந்த் அப்போது மீண்டும் அமெரிக்காவில் இருந்தார். தத்துவச் சொற்பொழிவுகளுக்கென வந்தவர், பஞ்ச நிவாரணக் குழு ஒன்றை அமைக்க முற்பட்டார். அதன் தலைமையை ஏற்றவர் சார்லஸ் கரோல் பானி. சிகாகோ வழக்கறிஞர், சமய மகாசபையை முன்னின்று நடத்தியவர், கிறித்தவர். ஜைனர் ஒருவர் வேண்ட, கிறித்தவர் ஒருவர் தலைமை தாங்க, அமெரிக்க மக்கள் ஈந்தனர். கப்பல் நிறையத் தானியம் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ 40,000 ரூபாய் திரட்டப்பட்டு இந்தியாவின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டது. அந்நாளில் அது சிறு தொகையன்று. சிகரத்துக்காக அவர் வங்க மொழி கற்ற அதே கல்கத்தாத் துறையில் அத்தானியம் இறங்கிற்று. உண்டவருள் மிகப் பெரும்பாலோர் ஜைனருமல்லர், கிறித்தவருமல்லர்.

நால்வகைத் தானங்களுள் ஆகார தானத்தை முதலில் வைத்து எண்ணுவது நம் வழக்கு. அதனைக் கடல் கடந்து நின்று, தம் உணவு நெறிக்கு முற்றிலும் மாறுபட்ட மக்களிடம் கையேந்திப் பெற்று நிறைவேற்றியது எளிய செயல் அன்று. கையேந்துவோர்க்கு வேண்டுவது பணிவு மட்டுமோ? கேட்கப்படுவோரிடத்தும் அறம் உண்டென்னும் நம்பிக்கையும் வேண்டும். வீர்சந்துக்கு அது இருந்தது. சாஸ்திர தானத்தையும் அவர் மறந்தாரில்லை. இந்தியப் பெண்களின் கல்விக்கெனச் சங்கம் ஒன்று அமெரிக்காவில் தோன்ற அவரே காரணர்.

சொந்தச் சமூகத்தில் அவர் பெற்றது புகழ் மட்டுமன்று. கடல் கடந்தது குற்றமென்று சினந்தோர் இருந்தனர். விலக்கி வைக்க வேண்டுமென்றோரும் இருந்தனர். குருவின் துணை அவரைக் காத்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உணவு நெறி பிறழாது வாழ்ந்தவர்க்கு இக்குற்றச்சாட்டு எத்துணை வருத்தம் தந்திருக்கும் என்பதை ஊகித்தறியலாம்.

மும்பையில் வழக்குத் தொழில் தொடங்கிய இளம் மோகன்தாஸ் காந்தியும் அவருடைய நண்பர். இருவரும் உணவுப் பரிசோதனைகளில் கூடி ஈடுபட்டதை மகாத்மா தம் சுயசரிதையில் குறித்துள்ளார். இருவர்க்கும் காந்தி என்பதே குடும்பப் பெயராயினும் உறவினர் அல்லர்.

ஓயாப் பயணமும் உழைப்பும் உடலைத் தேய்த்தன. 1901இல் நோயுற்றுத் தாயகம் திரும்பிய வீர்சந்த், அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் உயிர் நீத்தார். முப்பத்தேழு வயது நிறைவதற்குப் பதினெட்டு நாட்களே எஞ்சியிருந்தன. 2002இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது. சௌராட்டிரத் தலைப்பாகையும் தோளிற் சால்வையுமாக அவர் நின்ற கோலத்தை, பிறந்த மகுவாவிலும் சிகாகோவிலும் நிறுவப்பட்டுள்ள சிலைகளில் இன்றும் காணலாம்.