கைவிளக்கு ஏந்திய காரிகையின் கணக்கு நோட்டு

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை உங்களுக்கு நன்றாகவே தெரியும். இரவு நேரத்தில் கையில் விளக்குடன், காயம்பட்ட படை வீரர்களைக் கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்த நர்ஸ் அவர். 'கைவிளக்கு ஏந்திய காரிகை' என்று பாடப் புத்தகத்திலும் படித்திருப்பீர்கள். விளக்கைப் பற்றிச் சொன்னவர்கள் அவரது கணக்கு நோட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. நிஜத்தில், விளக்கை விட அந்த நோட்டுதான் அதிக உயிர்களைக் காப்பாற்றியது. அந்தக் கதையைப் பார்ப்போமா?

1820ம் ஆண்டு மே 12ம் தேதி, இத்தாலியிலுள்ள ஃப்ளாரன்ஸ் நகரில் பிறந்தார் நைட்டிங்கேல். அவரது பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள், பெரும் பணக்காரர்கள். நீண்ட சுற்றுப்பயணத்தில் இருந்தபோது குழந்தை பிறந்ததால், ஊர்ப் பெயரையே குழந்தைக்கு வைத்து விட்டனர். ஒரு வருடம் முன் நேப்பிள்ஸ் நகரில் பிறந்த அக்காவுக்கும் இதே கதைதான். அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதை வைத்தனர். பாவம் அக்கா! தங்கைக்கு அழகான பெயர் கிடைத்து விட்டது.

அந்தக் காலத்தில் பணக்கார வீட்டுப் பெண்களுக்கு இசை, ஓவியம், தையல் கற்றுக் கொடுத்தால் போதும் என்று நினைத்தனர். ஆனால், நைட்டிங்கேலின் அப்பா தன் இரு மகள்களுக்கும் வீட்டிலேயே லத்தீன், கிரேக்கம், வரலாறு என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். சின்னவளுக்குக் கணக்கு மீது தீராத ஆசை. கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கூட, வகை வகையாகப் பிரித்து, கட்டம் போட்டு எழுதி வைப்பாள். கணக்கு வாத்தியார் வேண்டும் என்று கேட்டபோது அம்மா சம்மதிக்கவில்லை. பிடிவாதம் பிடித்துத்தான் கணக்குப் படித்தார்.

நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் அதை விடப் பெரிய சண்டை. அப்போது அது மரியாதையான வேலையாகக் கருதப்படவில்லை. பல ஆண்டுகள் பொறுத்திருந்து, 1851ல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். 1853ல் லண்டனில் பெண்களுக்கான சிறிய மருத்துவமனை ஒன்றின் பொறுப்பை ஏற்றார்.

அந்த நேரத்தில்தான் கிரிமியப் போர் வந்தது. ரஷ்யாவுக்கு எதிராக துருக்கி, பிரான்ஸ், பிரிட்டன் நாடுகள் சேர்ந்து போரிட்டன. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் கவனிப்பாரின்றிச் சாகின்றனர் என்று லண்டன் பத்திரிகையில் செய்தி வந்ததும், நாடே கொதித்தது. போர்த் துறை அமைச்சரான சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் நண்பர். அவரது ஏற்பாட்டில் 38 நர்ஸ்களுடன் கிளம்பி, 1854 நவம்பர் 4ம் தேதி, இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியான ஸ்குடாரிக்குப் போய்ச் சேர்ந்தார் நைட்டிங்கேல்.

அங்கிருந்த மருத்துவமனை, உண்மையில் ஒரு பழைய ராணுவக் குடியிருப்பு. கட்டடத்துக்குக் கீழே அடைத்துக் கொண்ட சாக்கடை. மேலே காற்று வராத அறைகள். எங்கும் எலிகள். துவைக்காத துணிகள். காலராவும், பேதியும், காய்ச்சலும் கட்டிலுக்குக் கட்டில் தாவின. நைட்டிங்கேலும் அவரது நர்ஸ்களும் தேய்த்துக் கழுவினர். சட்டைகள், போர்வைகள் வாங்கினர். நல்ல சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தனர். அப்படியும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் ஸ்குடாரியில் 100 நோயாளிக்கு 42.7 பேர் என்ற கணக்கில் இறந்தனர்.

மார்ச் மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சேர்ந்தது. சாக்கடையை உடைத்துக் கழுவி விட்டது. தண்ணீர் வரும் வழியைச் சுத்தம் செய்தது. காற்று வரச் சுவர்களில் வழி செய்தது. ஜூன் மாதத்துக்குள் அதே கணக்கு 100க்கு 2.2 ஆக விழுந்தது. நம்ப முடிகிறதா?

மருத்துவமனையில் நைட்டிங்கேலை அதிர வைத்த இன்னொன்றும் இருந்தது. இறந்தவர்களின் கணக்கு! மூன்று தனித்தனிப் பதிவேடுகள். மூன்றிலும் மூன்று விதமான எண்ணிக்கை. யார், எதனால் இறந்தார் என்பதற்கு ஒழுங்கான விவரமே இல்லை.

இதனால் என்ன என்று நினைக்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள். போரில் இத்தனை ஆயிரம் பேர் இறந்தனர் என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னால், கேட்பவர் மனதில் என்ன தோன்றும்? துப்பாக்கிக் குண்டு, பீரங்கி, கத்தி... போர் என்றால் சாவு இருக்கத்தான் செய்யும் என்று எல்லாரும் பெருமூச்சு விட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய் விடுவர். எல்லாச் சாவையும் ஒரே மூட்டையில் கட்டினால், உண்மையும் அதற்குள்ளேயே மறைந்து போகும்.

1856ல் போர் முடிந்தது. விழா, வரவேற்பு எதுவும் வேண்டாமென்று, யாருக்கும் தெரியாமல் வீடு திரும்பினார் நைட்டிங்கேல். பிறகு விக்டோரியா ராணியைச் சந்தித்து, ராணுவத்தின் சுகாதாரத்தை விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்றார். அது 1857ல் அமைந்தது. அப்போது அவருக்குத் துணைக்கு வந்தவர் வில்லியம் ஃபார். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புக் கணக்கைத் தொகுத்து வந்த அலுவலகத்தில் புள்ளிவிவர நிபுணர் அவர். நோய்களுக்கு ஒழுங்கான பெயர்ப் பட்டியல் தயாரித்தவரும் அவரே.

இருவரும் உட்கார்ந்து, மூட்டையைப் பிரித்தனர். ஒவ்வொரு சாவையும் மூன்று குவியல்களில் ஒன்றில் போட்டனர். தடுத்திருக்கக் கூடிய தொற்று நோயால் வந்த சாவு ஒன்று. போர்க் காயத்தால் வந்த சாவு இன்னொன்று. மற்ற காரணங்கள் எல்லாம் மூன்றாவது. பிறகு மாதம் மாதமாக எண்ணினர்.

1854 நவம்பர் மாதத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த மாதம்தான் இங்கர்மான் என்ற இடத்தில் கடும் சண்டை நடந்தது. காயத்தால் இறந்தவர்கள் 287 பேர். நோயால் இறந்தவர்களோ 844 பேர்! பெரிய சண்டை நடந்த மாதத்திலேயே நோய்தான் மூன்று மடங்கு ஆட்களைக் கொன்றிருக்கிறது.

1855 ஜனவரியைப் பாருங்கள். அப்போது படையில் 32,393 பேர் இருந்தனர். காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். மற்ற காரணங்களால் 324 பேர். நோயால் 2,761 பேர். எதிரியின் ஆயுதம் ஒருவரைக் கொன்ற நேரத்தில், அழுக்கும் சாக்கடையும் 33 பேரைக் கொன்றன. ஸ்குடாரியில் இருந்த நாட்களில், பட்டினியும் குளிரும் ஓய்வில்லாமையும்தான் முக்கியக் காரணம் என்று நைட்டிங்கேலே நினைத்திருந்தார். லண்டனில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் உண்மை முகத்தில் அறைந்தது.

இங்கே கொஞ்சம் கணக்கு வகுப்புக்குப் போய் வருவோம். பயப்படாதீர்கள், சின்ன வகுப்புதான்!

நைட்டிங்கேலின் பட்டியலில் இருந்த விவரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நோய், காயம், மற்றவை என்பவை வெறும் பெயர்கள். உங்கள் வகுப்பில் யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்பது போலத்தான். நீலத்தையும் சிவப்பையும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரி நிறம் சொல்ல முடியுமா? முடியாது. ஒவ்வொரு பெயரிலும் எத்தனை பேர் என்று எண்ணத்தான் முடியும். இது பண்பு சார்ந்த விவரம். பெயர் கொண்ட விவரம்தானே, இதில் என்ன கணக்கு இருக்கிறது என்று பலர் இதை மதிப்பதே இல்லை. ஆனால், நைட்டிங்கேலின் வெற்றி முழுக்க இதில்தான் இருந்தது.

இறந்தவர் எண்ணிக்கை வேறு வகை. 83 பேர் இருக்கலாம், 84 பேர் இருக்கலாம். 83 அரை பேர் இருக்க முடியாது. எண்ணிச் சொல்லும் இந்த வகைக்குத் தொடர்ச்சியற்ற விவரம் என்று பெயர். ஒரு நோயாளி மருத்துவமனையில் எவ்வளவு காலம் இருந்தார் என்பதோ அளந்து சொல்வது. பத்து நாள், பத்தரை நாள், பத்தே கால் நாள் என்று இடையில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். இது தொடர்ச்சியான விவரம். உங்கள் உயரமும் எடையும் இந்த வகைதான். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது எந்த வகை? நீங்களே சொல்லுங்கள்!

சரி, கதைக்கு வருவோம். கணக்கு கிடைத்து விட்டது. அதை யார் படிப்பார்கள்? அமைச்சர்களும் ராணுவத் தளபதிகளும் கட்டம் கட்டமாக எண்களைப் பார்த்தால் கொட்டாவி விடுவர். அதனால், படமாகவே போட்டு விட்டார் நைட்டிங்கேல். ஒரு மாதத்துக்கு ஒரு துண்டு என்று, ஒரு வட்டத்தில் 12 துண்டுகள். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு. 1858ல் வெளியான அந்தப் படத்தைப் பார்த்தால் நீலம் பூதம் போல விரிந்து நிற்கும். சிவப்பு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். படிக்கத் தெரியாதவருக்குக் கூடப் புரியும்!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. துண்டின் நீளம் கணக்கில்லை, பரப்பளவுதான் கணக்கு. அம்மா தோசையின் குறுக்களவை இரண்டு மடங்கு ஆக்கினால் மாவு இரண்டு மடங்கா ஆகும்? அதே கனத்துக்கு நாலு மடங்கு ஆகும். சாவு நாலு மடங்கு ஆனபோது, துண்டின் நீளத்தை இரண்டு மடங்கு மட்டுமே நீட்ட வேண்டும். இதைச் சரியாகப் போட்டிருந்தார் அவர்.

இன்னொரு ஒப்பீடும் செய்தார். போரே இல்லாத காலத்தில், இங்கிலாந்துக்குள்ளேயே இருந்த ராணுவக் குடியிருப்புகளில் வீரர்கள் எப்படி இருந்தனர்? ஊரிலுள்ள அதே வயது ஆண்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய இரண்டு மடங்கு வீரர்கள் இறந்து கொண்டிருந்தனர். நோயாளிகளைத் தள்ளி, நல்ல உடல்கட்டு உள்ளவர்களாகப் பார்த்துப் பொறுக்கிய ஆட்கள்! ஒரே வயதுக்காரர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. குழந்தைகளையும் தாத்தாக்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தால் உண்மை மறைந்திருக்கும்.

பலன் கிடைத்தது. குடியிருப்புகள் சீரமைக்கப்பட்டன; ராணுவத்துக்கென்று மருத்துவப் பள்ளியும், புள்ளிவிவரப் பிரிவும் வந்தன. லண்டன் புள்ளியியல் சங்கம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

அடுத்து அவர் கை வைத்தது லண்டன் மருத்துவமனைகளில். ஒரே நோய்க்கு ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தது. எப்படி ஒப்பிடுவது? எல்லாருக்கும் பொதுவாக ஒரு படிவம் தயாரித்தார். ஆண்டின் முதல் நாளில் இருந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், குணமானவர்கள், குணமாகாமல் போனவர்கள், இறந்தவர்கள், கடைசி நாளில் மிச்சம் இருப்பவர்கள், சராசரியாக எத்தனை நாள் தங்கினர் என்று வரிசையாகக் கட்டங்கள். 1860ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் இந்தத் திட்டம் ஏற்கப்பட்டது. ஆனால், படிவத்தை நிரப்புவது பெரிய தலைவலி என்று மருத்துவமனைகள் மெல்ல மெல்லக் கைவிட்டன. 1861ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் நோயாளிகள் பற்றியும் வீடுகளின் தரம் பற்றியும் கேள்விகள் சேர்க்கச் சொல்லிப் போராடினார். இங்கிலாந்தில் அரசு மறுத்து விட்டது.

அவரது நூல் ஒன்றில் வந்த ஒரு கணக்கு பெரிய சர்ச்சை ஆனது. 1861ல் லண்டனிலுள்ள 24 மருத்துவமனைகளில் சாவு நூற்றுக்கு 90.84 என்று அச்சாகியிருந்தது. அம்மாடியோ! உள்ளே போனால் பத்துக்கு ஒன்பது பேர் திரும்ப மாட்டார்களா? அப்படி இல்லை. வருடம் முழுக்க இறந்த 3,828 பேரை, ஒரே ஒரு நாளில் கட்டிலில் படுத்திருந்த 4,214 பேரால் வகுத்திருந்தனர். ஒரு கட்டிலில் ஆண்டுக்குப் பல பேர் வந்து போவார்கள் அல்லவா? டாக்டர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. நைட்டிங்கேல் மீது எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த இடத்தில் டாக்டர்கள் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கு அவர் ஒருமுறை கூட வந்ததில்லை. ஆனால், இங்கிருந்த ராணுவ முகாம்கள் எல்லாவற்றுக்கும் கேள்விப் படிவங்கள் போயின. குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்று கேள்வி மேல் கேள்வி. பதில்கள் மூட்டை மூட்டையாக லண்டன் வந்து சேர்ந்தன. இங்கிருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்தது அதில் வெளிவந்தது. 1864ல் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. 1873ல் அந்த எண் 18 ஆகக் குறைந்து விட்டது என்று எழுதினார். வீரர்களோடு நிற்காமல், பிறகு இந்தியக் கிராமங்களின் தண்ணீர், பஞ்சம் பற்றியும் விடாமல் கடிதம் எழுதிக் கொண்டே இருந்தார்.

இத்தனையும் எங்கிருந்து செய்தார் தெரியுமா? பெரும்பாலும் படுக்கையில் இருந்துதான்! கிரிமியாவில் பிடித்த காய்ச்சலுக்குப் பிறகு அவரது உடல்நிலை முழுதாகத் தேறவே இல்லை. 1857 முதல் பல ஆண்டுகள் அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். அமைச்சர்கள்தான் அவரைத் தேடி வந்தனர். கடைசி ஆண்டுகளில் கண் பார்வையும் போய் விட்டது.

1907ல் பிரிட்டனின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13ம் தேதி, 90 வயதில் லண்டனில் காலமானார். அரசர்கள் பலர் அடக்கம் செய்யப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர அரசு முன்வந்தது. குடும்பத்தார் வேண்டாமென்று சொல்லி விட்டனர். ஈஸ்ட் வெல்லோ என்ற சிறிய ஊரில், குடும்பக் கல்லறையில் அவரது பெயர் கூட முழுதாக இல்லை. இரண்டு எழுத்துகளும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் மட்டும்தான் பொறிக்கப்பட்டுள்ளன.