மெழுகுவர்த்தியை அணைத்த வாயு

1930-ம் ஆண்டு. அமெரிக்காவில் ரசாயன நிபுணர்கள் கூடிய மாநாடு. மேடையில் நின்ற ஒருவர், ஒரு வாயுவை மூச்சு நிறைய இழுத்தார். பிறகு, எரிந்து கொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மீது மெல்ல ஊதினார். சுடர் அணைந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை!

அவர்தான் தாமஸ் மிட்ஜ்லி.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் காலத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதை வேறு. பெட்டிக்குள் இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்த் தள்ளுவது, குழாயில் சுற்றிச் சுற்றி வரும் வாயு. அப்போது ஓடியவை அம்மோனியா, மெதில் குளோரைடு போன்ற விஷ வாயுக்கள். குழாய் ஒழுகினால் ஆபத்து. சில வீடுகளில், இரவு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை.

மிட்ஜ்லி 1889-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். படித்தது என்ஜினீயரிங். ரசாயனத்தைத் தாமாகவே கற்றுக் கொண்டார். மோட்டார் என்ஜின் தட்டாமல் ஓட, பெட்ரோலில் ஈயக் கலவை சேர்க்கும் வழியை 1921-ல் கண்டுபிடித்தவரும் இவரே. அந்த ஈயம் பல தொழிலாளிகளின் உயிரைக் குடித்தது. அவரும் அதனால் நோய்ப்பட்டார்.

1928-ல் அவரிடம் புது வேலை வந்தது. விஷமாகவும் இருக்கக் கூடாது, தீப்பற்றவும் கூடாது. அப்படி ஒரு வாயு வேண்டும். அவரும் அவருடைய கூட்டாளிகளும் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு பிரியான் என்று பெயர் வைத்தார்கள். வீடுகளில் பயம் நீங்கியது.

1940-ல் மிட்ஜ்லியை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்கள் விழுந்துவிட்டன. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் வைத்துத் தாமே ஒரு கருவி செய்து கொண்டார். 1944 நவம்பர் 2-ந் தேதி அந்தக் கயிறே கழுத்தை இறுக்கியது. வயது 55.

பிரியான் எதனோடும் சேராது, எளிதில் சிதையாது. வீட்டில் அது நல்ல குணம். வானத்தில் அதுவே வினையாயிற்று! மேலே போன வாயு, சூரியனின் கடுங்கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் 2 விஞ்ஞானிகள் காட்டினார்கள். பூமியைச் சூடாக்குவதிலும் அது பொல்லாதது. அதில் ஒரு கிலோ, சுமார் 10 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

1987-ல் மான்ட்ரீல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 1995 முடிவோடு அமெரிக்கா பிரியான்-12 உற்பத்தியை நிறுத்தியது. பதிலுக்கு வந்த வாயுக்கள் ஓசோனைத் தொடவில்லை. ஆனால், அவையும் பூமியைச் சூடாக்கின. எனவே 2020 டிசம்பரில் இன்னொரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு எவ்வளவு தயாரிக்கலாம், எவ்வளவு இறக்குமதி செய்யலாம் என்று அரசாங்கமே அளந்து கொடுக்கும். 2036-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

பெட்டியைப் பழுது பார்ப்பவருக்கும் சட்டம் உண்டு. உள்ளே இருக்கும் வாயுவை அவர் உருளையில் பிடித்து வைக்க வேண்டும். பிரியானை வேண்டுமென்றே காற்றில் விடுவது, 1992 முதல் அங்கே குற்றம். அபராதமும் உண்டு. மிட்ஜ்லி மேடையில் ஊதிக் காட்டினாரே, அதே வாயுதான்.