இடம் மாறி நடிக்கச் சொன்ன மருத்துவர்

மனநோயாளிகள் வார்டுக்குள் முதல்முறை நுழையும் தாதிமை மாணவர்கள் பயப்படுவது இயல்பு. பயத்தில் சொல்லும் ஒரு சொல் நோயாளியைக் காயப்படுத்திவிடும். அதனால்தான் முதலில் வகுப்பிலேயே நடித்துப் பழகுகிறோம். இந்த வழிக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஜேக்கப் மொரேனோ.

1889இல் ருமேனியாவின் புக்காரெஸ்டில் பிறந்தவர்; வியன்னாவில் மருத்துவம் படித்தார். மாணவப் பருவத்திலேயே பூங்காவில் பிள்ளைகளைக் கூட்டிக் கதை சொல்லி நடிக்க வைத்தார். பிறகு, எழுதிவைத்த வசனமே இல்லாத நாடக அரங்கு நடத்தினார். 1925இல் அமெரிக்கா சென்றார். 1936இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கனில் மனநல மருத்துவமனை தொடங்கி, அங்கேயே மேடையும் அமைத்தார். நோயாளிகள் தங்கள் துயரத்தை நடித்துக் காட்டுவார்கள். நடுவில் பாத்திரத்தை மாற்றச் சொல்வார். மகன் அப்பாவாக வேண்டும்!

ஜுருவில் குடியிருந்து மனநலத் தாதிமை கற்பிக்கும் எனக்கு அதிகம் கைகொடுப்பது இந்த மாற்றம்தான். மருந்து சாப்பிடச் சொல்லி அதட்டும் மாணவி, நோயாளியின் இடத்தில் உட்கார்ந்து எழுந்ததும் குரலைத் தாழ்த்துகிறாள்.

மொரேனோ 1974இல் பீக்கனிலேயே காலமானார்.